வெங்காய வண்டியில் என் குரல்

என் குரலைத் தெருவில் முதன்முதலாகக் கேட்டபோது நான் சமையலறையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வெங்காயம் வந்திருக்கு" என்று வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன். ஒரு சின்ன லாரி நின்றது. அதன் தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் நான் பேசிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு அம்மாள் பையோடு படி இறங்கினார். மாடி வீட்டுக்காரி மேலிருந்தே "அண்ணே, நில்லுங்க, வாரேன்" என்று கத்தினாள். எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நானும் ஒரு பையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய் ஐந்து கிலோ வாங்கினேன்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்துவிடும். அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது சொல்லாமலே விட்டுப்போகும்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கணவர் ஒட்டன்சத்திரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறார். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வண்டிகளுக்குச் சீட்டு எழுதுவது அவர் வேலை. மகள் மதுரையில் நர்சிங் சேர்ந்த வருடம், எங்கள் இரண்டு பேர் சம்பளமும் போதாது என்பது பேப்பரில் கூட்டிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

பள்ளி வேலையோடு இன்னொரு வேலை பார்ப்பது எங்கள் ஆசிரியர் அறையில் புதிதும் இல்லை, ரகசியமும் இல்லை. கணக்கு ஆசிரியை வீட்டில் டியூஷன் எடுத்தார். அறிவியல் ஆசிரியர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் யாராவது ஒருவருடைய ஆயுளைப் பற்றிப் பேசி முடித்திருப்பார். விளையாட்டு ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழனி ரோட்டில் பிளாட் காட்டினார். ஆபீஸ் அம்மா தவணைக்குச் சேலை கொடுத்தார். பள்ளித் தாளாளரின் மனைவியே அவரிடம் சேலை எடுத்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளி கொடுத்த சம்பளத்தை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்தியவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. ஒருவராலும் முடியாது என்பது சம்பளம் கொடுத்தவருக்கும் தெரியும்.

எனக்கு இருந்தது குரல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருப்பலியின்போது முதல் வாசகம் வாசிப்பேன். ஒரு முறை திருவிழாவுக்கு மைக் செட் போட வந்தவர் பூசை முடிந்ததும் வெளியே காத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் கடை மாடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறாராம். ஆட்டோ விளம்பரம், வேன் விளம்பரம் எல்லாம் பதிவு செய்து கொடுக்கிறாராம்.

"டீச்சர், உங்க கொரலு கடைசி பெஞ்சுல நிக்கிற எனக்குத் தனியா கூப்ட்டுச் சொல்ற மாதிரி இருக்கு. ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு வாங்களேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மதியமே போனேன். சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டிய, பீரோ அளவுக்கு ஒரு அறை. சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார். வேர்த்துக் கொட்டியது. வெங்காய விளம்பரத்தைச் சந்தி பிசகாமல், நிறுத்தி நிதானமாக, செய்யுள் வாசிப்பதுபோல வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டீச்சர், இது பாடம் இல்ல. வெங்காயம் வாங்குறவுக வீட்டுக்குள்ள சோறு வடிச்சுக்கிட்டு இருப்பாக. உங்க சத்தம் காதுல விழணும், காசு தேடணும், பை எடுக்கணும், செருப்பு மாட்டணும். அதுக்கெல்லாம் நீங்கதான் செத்த நேரம் குடுக்கணும். கூப்ட்டுட்டு மூச்சு விடுங்க. அந்த மூச்சுலதான் ஆளு வெளிய வரும்."

பி.எட். படிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம் அது. இரண்டாம் முறை, என் எதிர் வீட்டு அம்மாளை மனதில் வைத்துக் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு, அவர் அடுப்பை அணைக்கும் வரை காத்திருந்து, மூச்சு வாங்கி, விலையைச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கட்டை விரலை உயர்த்தினார்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் போனேன். வெங்காயம், தர்பூசணி, பழைய இரும்பு, ஜவுளிக் கடை ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல்போன எருமை. இறப்புச் செய்தியும் வாசித்திருக்கிறேன். "இன்னாருடைய தாயார்" என்று சொல்லும்போது என் தொண்டை தானாகவே இறங்கிவிடும், அதை யாரும் சொல்லித்தரவில்லை. கிடைத்த பணம் மகளின் விடுதிச் சாப்பாட்டுக்கு ஏறத்தாழச் சரியாக இருந்தது. நாகல் நகரில் ஒரு பூக்காரம்மா என் பேச்சைக் கேட்டுத் திரும்பி, "வெங்காய வண்டி டீச்சரா?" என்று கேட்டு ஒரு முழம் கூடுதலாகக் கிள்ளிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒரு நாள் எட்டாம் வகுப்பில் பாதிப் பாடத்தில் இருந்தபோது தாளாளர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"மிஸ், நீங்க தெருவுல வெங்காயம் விக்கிறீங்களாமே?"

"நான் விக்கலை சார். விளம்பரத்துக்குக் குரல் குடுக்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஒரு பேரண்ட் போன் பண்றார். திருக்குறள் சொல்லிக் குடுக்கிற வாயி பழைய இரும்புக்குக் கத்துது, இதுதான் உங்க ஸ்கூல் ஸ்டாண்டர்டான்னு கேக்குறார். நான் என்ன பதில் சொல்ல?"

"உழைச்சுச் சம்பாதிக்கிறாங்கன்னு சொல்லியிருக்கலாமே சார்."

அவர் முகம் மாறிவிட்டது. மேசை இழுப்பறையைத் திறந்து என் நியமனக் கடிதத்தை எடுத்து, வேறு பணியில் ஈடுபடக் கூடாது என்ற வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினார். அந்தக் கடிதம் எங்கள் எல்லோருக்கும் ஒரே கடிதம்தான். அப்படியானால் டியூஷன்? இன்சூரன்ஸ்? பிளாட்? கேட்டேன், நேரடியாகவே கேட்டேன்.

"டியூஷன் கல்வி சம்பந்தப்பட்டது. மத்ததெல்லாம் கௌரவமா, சத்தமில்லாம நடக்குது. நீங்க ஊரே கேக்குற மாதிரி செய்றீங்க. மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. இனிமே செய்ய மாட்டேன்னும் எழுதுங்க."

சத்தமில்லாமல் செய்தால் கௌரவம். இதை நான் எத்தனையோ முறை மனதில் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன், இன்னமும் வயிறு எரிகிறது. இதே மனிதர்தான் ஒவ்வொரு மே மாதமும் எங்களை ஆள்சேர்ப்புக்கு அனுப்புவார். விடுமுறைச் சம்பளம் கிடையாது. ஆனால் கத்திரி வெயிலில் குடையும் நோட்டீசுமாக ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உங்க பிள்ளையை எங்க பள்ளிக்கூடத்துல சேருங்க" என்று கேட்க வேண்டும். தெருவில் நின்று அவருக்காகக் கூவினால் அது பணி. எனக்காகக் கூவினால் இழுக்கு.

அங்கேயே எழுதினேன். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி இருந்தது. "வருந்துகிறேன்" என்று எழுதியிருந்தேன். அவர் வாசித்துவிட்டு, "வருத்தம் போதாது, மன்னிப்புன்னு இருக்கணும்" என்று வேறு தாள் கொடுத்து, ஒவ்வொரு வரியாக அவரே சொன்னார். ஒரு தமிழ் ஆசிரியைக்கு அவர் தமிழில் வாசகம் சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்லச்சொல்ல விடுபட்ட ஒற்றெழுத்துகளை எல்லாம் நான் போட்டுக்கொண்டே எழுதினேன். அந்த நேரத்தில் என்னால் காட்ட முடிந்த ரோசம் அவ்வளவுதான்.

ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்து இனி வரமாட்டேன் என்று சொன்னேன். "அடப்பாவமே, நல்லா போய்க்கிட்டு இருந்துச்சே டீச்சர்" என்று உச்சுக்கொட்டினார். அடுத்த வாரம் சாயங்காலம் வாசலில் அந்த வெங்காய லாரி வந்து நின்றது. வண்டிக்காரர் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். அதுவரை அவரிடம் விலையைத் தவிர நான் ஒன்றும் பேசியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க டீச்சர், எங்க வண்டியால உங்க உத்தியோகத்துக்கு இடைஞ்சலாமுங்க. ஸ்டுடியோவுல சொன்னாங்க. உங்க கொரலை அழிச்சுப்போட்டனுங்க. இனிமே நானே கூவிக்கிறனுங்க."

"அது நீங்க காசு குடுத்து வாங்கினதுங்க. ஏன் அழிச்சீங்க?"

"காசு குடுத்தா என்னங்க? உங்களுக்குச் சங்கடம்னு தெரிஞ்சப்பறம் அதை வெச்சு வியாபாரம் பண்றதுங்களா?"

அதிகம் படித்தவர் இல்லை. அதற்குப் பிறகு சில மாதம் அவர் தொண்டை கட்டிய குரலில் தானே கத்திக்கொண்டு போவதைக் கேட்டிருக்கிறேன். என்னால் அதைக் கேட்க முடியாது. உள்ளே போய் மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

அடுத்த ஏப்ரல். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஆட்டோ விளம்பரம் ஒன்று வந்தது. "அன்பான பெற்றோர்களே" என்றது. என் குரல்.

பழைய பதிவு ஏதோ ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்பான பெற்றோர்களே என்று நான் எங்கும் சொன்னதில்லை. ஆட்டோ நெருங்கியது. எங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னேன். அதாவது, அது சொன்னது. மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சேர்க்கை, அனுபவமிக்க ஆசிரியர்கள், பரந்த விளையாட்டு மைதானம், எல்லா ஊர்களுக்கும் வேன் வசதி, நன்கொடை கிடையாது. என் "ழ" அப்படியே இருந்தது. வாக்கியத்தின் கடைசியில் நான் லேசாக இழுப்பேன், அந்த இழுப்பும் இருந்தது. மூச்சு மட்டும் இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓர் இடத்திலும் அது மூச்சு வாங்கவில்லை. பிழிந்த சேலையை அப்படியே கைப்பிடிச் சுவரில் போட்டேன்.

படியில் இறங்கி ஓடினேன். தெருக்கோடி டீக்கடையில் ஆட்டோ நின்றிருந்தது. "தம்பி, இதை யாரு குடுத்தா?" என்று டிரைவரிடம் கேட்டேன். அவர் என்னையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டுடியோக்காரரின் பெயரைச் சொன்னார்.

அன்றைக்கே போனேன். ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சொல்லாமல் மழுப்பப் பார்த்து, முடியாமல் சொன்னார்.

"ஒரு சாஃப்ட்வேர் டீச்சர். ஏஐ. உங்க பழைய ரெக்கார்டிங்கையெல்லாம் உள்ள போட்டா, அது உங்க கொரலைக் கத்துக்குது. அப்பறம் எதை டைப் அடிச்சாலும் உங்களை மாதிரியே பேசும்."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"கொரலு உங்களுது, ஒத்துக்கிறேன். ரெக்கார்டிங் என்னுதில்லையா? என் ரூம்ல, என் மைக்ல எடுத்ததுதான டீச்சர்?"

"என் வீட்டு வாசல்ல நின்னா என் நிழல் எனக்கு, உங்க வாசல்ல நின்னா உங்களுக்கா?"

"சரி, இவ்வளவு பேர் குரல் வெச்சிருக்கீங்களே, பள்ளிக்கூட விளம்பரத்துக்கு ஏன் என் குரல்?" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் வேற கொரலுதான் போட்டுக் காட்டுனேன். அவுகதான் கேட்டாக. வெங்காய வண்டிக் கொரலு இருக்குல்ல, அதுக்குத்தான் சனம் நின்னு கேக்குது, அதையே போடுங்கன்னாரு தாளாளரு. டீச்சர் இப்ப வர்றதில்லையே சார்னேன். அவங்க வர வேண்டாம், குரல் இருந்தாப் போதும்னுட்டாரு."

படி இறங்கி வந்தேன். யாரோ என் வீட்டுக்குள் புகுந்து, என் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, என் பெயரைச் சொல்லி ஊருக்குள் நடமாடுகிறார்கள் என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். "அவுக பெரிய எடம். பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசம்தான் இருக்கு. விட்டுரு" என்றார். அவரைத் தப்பாக நினைக்க மாட்டேன்; நானே ராத்திரியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டதுதான் அது. ஆனால் அன்று அவரோடு பேசவில்லை.

திங்கட்கிழமை தாளாளர் அறைக்கு, யாரும் கூப்பிடாமல், நானே போனேன். ஆட்டோவில் என் குரலைப் போடச் சொன்னது நீங்களா என்று கேட்டேன்.

"ஆமா மிஸ், உங்களுக்குப் பெருமைதானே? நம்ம ஸ்கூலுக்கு உங்க குரல்."

"வெளி வேலை செய்ய மாட்டேன்னு எழுதி வாங்கினீங்க சார்."

"இது வெளி வேலை இல்லையே, நம்ம வேலை."

"நான் இந்த வேலையைச் செய்யவே இல்லையே சார்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க வாயே திறக்கலை. உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. அப்புறம் எதுக்குக் கோபம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பதினான்கு வருடத்தில் அந்த மனிதரிடம் எனக்கு உண்மையாகவே வெறுப்பு வந்தது அந்தச் சிரிப்பில்தான். நான் பேசினால் அவருக்கு அவமானம், நான் பேசாமல் என் குரல் மட்டும் பேசினால் அவருக்கு லாபம். என் மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். அது ஃபைலில் இருக்கிறது, தரமுடியாது என்றார். விளம்பரத்தை நிறுத்துங்கள் என்றேன். மே மாதக் கடைசி வரைக்கும் ஆட்டோ பேசியாகிவிட்டது என்றார். நான் என்ன செய்தேன்? வெளியே வந்தேன். அடுத்த மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மே மாதம் வழக்கம்போல ஆள்சேர்ப்பு. எனக்குச் சேவுகம்பட்டிப் பக்கம் போட்டிருந்தார்கள். கூட இரண்டு ஆசிரியைகள். கூப்பிடுவதற்கு முன்பே என் பேச்சுச் சத்தம் கேட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். "வண்டில பேசுற டீச்சர் வந்திருக்காக" என்று ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செய்தி போனது. கூட வந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம், வேலை சுலபமாக முடிகிறதே என்று. நான் வாயைக் கட்டிக்கொண்டு நோட்டீசை மட்டும் நீட்டினேன்.

மூன்றாவது தெருவில் ஒரு பெண் எங்களுக்கு எதிரே வந்து நின்றார். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவர் என்று பிறகு தெரிந்தது. முப்பது வயது இருக்கும்.

"நீங்கதான டீச்சர் வண்டில சொன்னீக, நன்கொடை கெடையாதுன்னு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அதை நம்பி எம்மகளுக்குப் பழைய பள்ளிக்கூடத்துல டீசி வாங்கிட்டேன். பொம்பளக் குரலு, டீச்சர் குரலு, பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். நேத்து ஆபீசுக்குப் போனா கட்டட நிதின்னு இம்புட்டுக் கேக்குறாக. நன்கொடைதான் கெடையாது, இது வேறயாம். இப்ப நான் எங்க போவேன்? பழைய பள்ளிக்கூடத்துல திரும்பப் போய் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்? நீங்களும் பிள்ளை பெத்தவுகதான?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அது நான் பேசினது இல்லம்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பேசிக்கொண்டிருப்பது அதே குரல்தானே! அந்தக் குரலே வந்து, அது நான் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கூட வந்த ஆசிரியை என் கையைப் பிடித்து இழுத்தார், "வாங்க மிஸ், போகலாம்." நான் கையை விடுவித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம், "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வாங்க. நானும் இருப்பேன்" என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அவர் வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. சேர்க்கை நடக்கும் ஹாலில் முப்பது நாற்பது பெற்றோர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் அவரைக் கவுண்டருக்கு அழைத்துப்போனேன். சேலை விற்கும் அதே ஆபீஸ் அம்மாதான் இருந்தார். "கட்டட நிதி கட்டினாத்தான் ஃபாரம் மிஸ். எனக்கு ஆர்டர் அப்படி" என்று மெதுவாகச் சொன்னார். பாவம், அவரும் என்ன செய்வார்.

நான் திரும்பி ஹாலைப் பார்த்து நின்றேன். மைக் இல்லை.

"எல்லாரும் செத்த நேரம் கேளுங்க."

முப்பது நாற்பது தலைகளும் நிமிர்ந்தன. அந்தக் குரலை அவர்களுக்குத் தெரியும். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்.

"உங்க ஊருக்கு வந்த ஆட்டோவுல பேசுறது என் குரல் மாதிரி இருக்கும். அது நான் பேசினது இல்ல. என்னைக் கேக்காம மெஷின்ல செஞ்சது. நன்கொடை கிடையாதுன்னு அதுல வருது. இங்க கட்டட நிதின்னு கேக்குறாங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுச் சேருங்க. என் குரலை நம்பிச் சேராதீங்க."

பிறகு பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "என்கிட்டயும் கேட்டாகளே" என்றார். அதன் பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தாளாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பெற்றோர்களைப் பார்த்து, கட்டட நிதி கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டவர்கள் மட்டும் கொடுக்கலாம், ஊழியர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பழியை ஆபீஸ் அம்மா தலையில் போட்டார். அந்த அம்மாள் குனிந்துகொண்டார். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை, "அவங்க மேல தப்பு இல்ல சார்" என்றேன். அவர் காதில் விழாததுபோல உள்ளே போனார்.

சேவுகம்பட்டிப் பெண்ணின் மகளுக்கு அன்று கட்டட நிதி இல்லாமல் இடம் கிடைத்தது. அன்று மதியத்தோடு ஆட்டோக்களும் நின்றன. வெளியே வாசலில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்துப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீக" என்றார். நீங்கள் பேசாவிட்டால் நான் பேசியிருக்கமாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆபீசிலிருந்து போன். ஜூன் மாத டைம்டேபிளில் என் பெயர் இல்லையாம். பணிநீக்கக் கடிதம் உண்டா என்றால் கிடையாது. நீக்கவே இல்லையாம், பெயர் மட்டும் இல்லையாம். கணவரிடம் சொன்னேன். விட்டுவிடச் சொன்ன மனிதர் ஆயிற்றே என்று, திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, "உன் சாமானெல்லாம் அங்கதான இருக்கு? நீ போக வேண்டாம். நான் போய் எடுத்துட்டு வாரேன்" என்றார். பதினான்கு வருடத்துப் பாடக் குறிப்புகளை இரண்டு வெங்காயச் சாக்கில் கட்டி டூவீலரில் வைத்துக்கொண்டு வந்தார். அனுபவச் சான்றிதழுக்கு மட்டும் ஆறு மாதம் அலையவிட்டார்கள். நடத்தை என்ற இடத்தில் "திருப்தி" என்று போட்டிருந்தது.

இப்போது வத்தலக்குண்டு பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் இருக்கிறேன். சம்பளம் முன்பைவிடக் குறைவு. நேர்காணலிலேயே சொல்லிவிட்டேன், விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பேன், அதை நிறுத்தச் சொன்னால் இந்த வேலை வேண்டாம் என்று. தலைமை ஆசிரியை, "ஆண்டு விழாவுக்கு எங்களுக்கும் பேசுங்க, பணம் குடுத்துருறோம்" என்றார். பணம் கொடுத்துவிடுகிறோம் என்று ஒரு பள்ளிக்கூடம் சொல்லிக் கேட்டது என் வாழ்க்கையில் அன்றுதான். வீட்டிலேயே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போர்வையைக் கட்டி, போனில் பதிவு செய்து அனுப்புகிறேன். வெங்காய வண்டிக்காரர் மறுபடியும் என்னிடமே விளம்பரம் பதிவு செய்து வாங்குகிறார். மகள் படிப்பை முடித்துவிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டதே என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். சரியாகவில்லை. ஸ்டுடியோக்காரர் என் கண் முன்னால் எல்லாவற்றையும் அழித்தார், எழுதியும் கொடுத்தார். ஆனால் அதற்கு முன்பே அந்தக் குரலை யாருக்கெல்லாம் அனுப்பினார் என்பது அவருக்கே நினைவில்லை. போன மாதம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஆதார் மட்டும் போதும், ஐந்து நிமிடத்தில் கடன் என்று ஒரு வேனில் நான் பேசிக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்ற பெண்கள் அதில் வந்த நம்பரை போனில் ஏற்றினார்கள். "ஏற்றாதீங்க, அது நான் இல்லை" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருத்தி பயந்து தள்ளி நின்றுகொண்டாள்.

நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்த ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார்.

"என்னம்மா காணாமப் போச்சு?"

"குரல் சார். என் குரலைத் திருடி விக்கிறாங்க."

"இந்தா பேசிக்கிட்டுத்தான இருக்கீங்க? கொரலு உங்ககிட்டதான இருக்கு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மனுவை வரும் வழியில் பஸ்ஸிலேயே எழுதியிருந்தேன், முழுதாக வாசித்தேன், உரக்க, நடுவில் மூச்சு வாங்கி. பாதியில் அவர்கள் சிரிப்பு நின்றது. சைபர் கிரைமுக்கு அனுப்புகிறோம் என்று ஏட்டு ரசீது போட்டுக் கொடுத்தார். வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். திருடுபோன பொருளின் மதிப்பு என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. திரும்ப உள்ளே போய், அதை மாற்றிக் கொடுங்கள் என்று நின்றேன்.